கூடத்தில் ஒரு குடும்பப் படம்

அறுபதாம் கலியாணத்தன்றோ, வெளியூர்ப் பிள்ளைகளெல்லாம் வந்து கூடும் பண்டிகையன்றோ, வீட்டுக் கூடத்தில் ஆசையோடு எடுக்கப்படும் குடும்பப் படங்களில், நெற்றியும் மூக்கும் வெளுத்து, கண்மணிகள் சிவந்து, பின்சுவரில் ஒவ்வொருவர் நிழலும் கரியால் தீட்டியதுபோல் ஒட்டிக்கொண்டு காணப்படுவதற்கு மூலகாரணம், பிளாஷின் ஒளி முகத்தில் நேராகப் பாய்வதே. ஒளியின் வலிமை தூரத்தின் வர்க்கத்துக்கேற்பக் குன்றுவது பிரகிருதியின் நியதியாதலால், விளக்கிலிருந்து 2 மீட்டரில் அமர்ந்திருக்கும் பாட்டிக்குக் கிடைக்கும் பிரகாசத்தில் கால் பங்கே, 4 மீட்டரில் நிற்கும் பேரனுக்குக் கிடைக்கிறது. கண் சிவப்பதோ, லென்ஸை ஒட்டிய விளக்கின் ஒளி, மங்கிய அறையில் விரிந்திருக்கும் கண்மணி வழியே புகுந்து, இரத்தம் நிறைந்த விழியின் உட்புறத்தில் பட்டு, வந்த வழியே திரும்புவதால்.

1887-இல் ஜெர்மனியில் மீதே, கேடிக்கே என்ற இருவர் மக்னீசியம் கலந்த பொடியைக் கொளுத்தி வெளிச்சம் உண்டாக்கிய முறையில், புகையும் தீ விபத்துப் பயமும் கூடவே இருந்தன. இன்றோ, காமிராவின் தலைமேல் பொருத்தும் தனிப் பிளாஷின் முகத்தை நிமிர்த்தி, வெள்ளையடித்த மேல்தளத்தை நோக்கித் திருப்பினால் போதும். தளம் முழுவதுமே ஒரு பெரிய விளக்காகி, அங்கிருந்து சிதறி இறங்கும் ஒளி முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் ஏறக்குறையச் சமமாகப் பரவி, நிழலின் விளிம்புகளையும் கரைத்துவிடும். தளம் பச்சையாகவோ ரோஜா நிறமாகவோ இருந்தால் அந்த வர்ணமே முகங்களிலும் படியும்; மரச்சட்டம் போட்ட பழைய வீடாயின் ஒளியை அது விழுங்கிவிடும். அப்போது பக்கவாட்டில் கொடி கட்டி, வெள்ளை வேட்டியை இரட்டையாக விரித்துத் தொங்கவிட்டு, பிளாஷை அதன்மேல் திருப்பிப் பாருங்கள். பணச் செலவில்லாத இந்த உபாயத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். மஞ்சள் பல்புகளை மட்டும் அணைத்துவிட வேண்டும்; இருவகை ஒளி கலந்தால் ஒரே முகத்தில் இரு நிறம் தோன்றும்.

துல்லியத்துக்கு, எஃப் 8 துவாரமும், 1/125 விநாடியும், திரும்பிவரும் ஒளி குறைவதை ஈடுசெய்ய ஐ.எஸ்.ஓ. 800-உம் நல்ல ஆரம்பம். பின்வரிசையினரை நாற்காலிகளை ஒட்டி நிற்கவைத்து, முன்வரிசையில் ஒருவர் கண்ணில் போகஸ் செய்யலாம். குழுவைச் சுவரிலிருந்து சற்று முன்னுக்கு அழைப்பதும் நன்று.

பிற்பாடு கணினியில் திருத்தும்போது, ‘ரா’ கோப்பாக எடுத்திருந்தால், வேட்டியின் வெண்மையை அளவாகக் கொண்டு நிறத்தைச் சரிசெய்து, நிழல்களைச் சிறிதே உயர்த்தி, கூர்மை ஏற்றுவதைக் கடைசியில் மிதமாகச் செய்ய வேண்டும். போகஸ் தவறிய முகத்தை எந்தக் கூர்மையும் மீட்காது. பாட்டியின் சுருக்கங்களைத் துடைத்து வழவழப்பாக்கும் இக்கால வழக்கம் எனக்குச் சற்றும் சம்மதமில்லை. அந்த முகத்தின் அழகே அவற்றில்தான் குடிகொண்டிருக்கிறது.

12 அங்குலத்துக்கு 8 அங்குலம் அளவில் நேர்த்தியாக அச்சிட, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், 3600-க்கு 2400 புள்ளிகள் வேண்டுமாதலால், வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த பிரதியை விடுத்து மூலக் கோப்பையே ஸ்டூடியோவில் கொடுங்கள்.