புரோநோட் எழுதி வாங்காதீர்கள்

சென்ற மாதம் ஒரு ஹார்டுவேர் கடைக்காரர் மஞ்சள் பையோடு எங்கள் கணக்கு அலுவலகத்துக்கு வந்தார். பைக்குள் மூன்று காசோலைகள், ஒரு புரோநோட், முத்திரைத்தாளில் ஒரு ஒப்பந்தம். பதினொரு வருடம் கூடவே இருந்து லைன் வசூல் பார்த்த ஆள் ஆறரை லட்சத்தைக் கையாடியிருக்கிறார். கண்டுபிடித்து ஒன்றேகால் வருடம் ஆகிறது. "ஸ்டேஷன்ல இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்கன்னு சொல்லிட்டாங்க சார்" என்றார்.

புரோநோட்டைப் பிரித்தேன். 'எனது குடும்பச் செலவுக்காக இன்று தங்களிடம் ரொக்கமாகக் கடன் பெற்றுக்கொண்டேன்.' கடையில் ஐந்து ரூபாய்க்குக் கிடைக்கும் அச்சடித்த தாள், கீழே கையெழுத்து. கையாடலைக் கடனாக மாற்றித் தந்தவர் முதலாளியேதான். இதைப் பார்த்துவிட்டு ஸ்டேஷன் ரைட்டர் 'சிவில்' என்று சொன்னதில் என்ன அதிசயம்?

இந்தக் கதை எங்களிடம் வருடத்துக்கு நாலைந்து முறை வருகிறது. ஊரும் தொகையும்தான் மாறும். முதலில், 'சின்ன வயதிலிருந்து நம் வீட்டில் சாப்பிட்டவன்' என்ற இரக்கம். அப்புறம் அவருடைய அம்மா வந்து அழுவார். தங்கை கல்யாணம் ஆவணியில், அது முடியட்டும் என்பார்கள். தை பிறக்கும், நிலத்தை விற்றுத் தருவதாகச் சொன்னவர் ஃபோனை எடுக்கமாட்டார். போலீஸ் தாமதம் என்று புலம்புகிறவர்களின் தாமதத்தில் பாதி, கடைக் கல்லாவுக்குப் பின்னாலேயே கழிந்திருக்கும்.

சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. நம்பி ஒப்படைத்த பணத்தை ஊழியர் தன் செலவுக்கு எடுத்துக்கொண்டால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 316(4) பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை. 2024 ஜூலை 1-க்கு முன் நடந்தது என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 408. கணக்கையும் திருத்தியிருந்தால் நியாய சன்ஹிதாவின் 344-வது பிரிவும் சேரும். மூன்றாண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றம் என்பதால் கிரிமினல் புகாருக்குக் காலக்கெடு கிடையாது. 'அப்புறம் என்ன அவசரம்?' என்று கேட்பீர்கள். காலக்கெடு இல்லாதது வழக்குக்குத்தான். பணம் கொடுத்த வாடிக்கையாளர் ஃபோனை மாற்றிவிடுவார், ஜிபே படங்கள் அழிந்துவிடும், ரசீதை எலி தின்னும்.

எனவே தெரிந்த அன்றைக்கே செய்ய வேண்டியவை. டேலியில் கை வைக்காதீர்கள். 'நேர் பண்ணிவிடலாம்' என்று பதிவுகளைத் திருத்துவது, சாட்சியத்தை நீங்களே அழிப்பது. அப்படியே ஒரு பேக்கப் எடுத்து, பாஸ்வேர்டை மாற்றுங்கள். கணினிப் பதிவை நீதிமன்றத்தில் காட்ட, பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதில் இரண்டு பகுதி: ஒன்று கணினியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் தருவது, மற்றது நிபுணர் தருவது. இந்தச் சான்றிதழ் இல்லாமல் கொடுத்த பிரிண்ட்அவுட் விசாரணையில் அடிபட்டுப்போகும்.

அடுத்து வாடிக்கையாளர்களிடம் போங்கள். ரசீதின் அடிக்கட்டையில் 5,000, அவர்கள் கையில் இருப்பதில் 15,000 என்றால் அந்த இரண்டு தாள்தான் உங்கள் வழக்கு. பாக்கி எவ்வளவு, எந்தத் தேதியில் யாரிடம் கொடுத்தார்கள் என்று ஒவ்வொருவரிடமும் கையெழுத்தோடு கடிதம் வாங்குங்கள். இப்போது கடை க்யூஆர் அட்டைக்கு மேல் ஊழியர் தன் அட்டையை ஒட்டும் வித்தையும் நடக்கிறது. அதற்கு வாடிக்கையாளரின் வங்கி ஸ்டேட்மென்ட்டே போதும்.

அவர் உங்கள் ஊழியர் என்பதையும் நிரூபிக்க வேண்டும். நியமனக் கடிதமா, நம்மூர்க் கடைகளிலா! இருக்காது. சம்பளம் போட்ட வங்கிக் கணக்கு, பிஎஃப், ஈஎஸ்ஐ பதிவு, தீபாவளி போனஸ் நோட்டில் போட்ட கையெழுத்து, 'இன்னைக்கு வசூல் எவ்வளவு?' என்று நீங்கள் கேட்டு அவர் பதில் சொன்ன வாட்ஸ்அப் — எல்லாம் சேர்த்து வையுங்கள்.

எழுத்தில் ஏதாவது வாங்கியே தீர வேண்டும் என்றால், அது புரோநோட்டாக இருக்கக் கூடாது. கடன் என்ற சொல்லே வரக் கூடாது. இன்ன தேதியில் இன்ன கடையிலிருந்து முதலாளிக்காக வசூலித்த இவ்வளவு பணத்தைக் கடையில் கட்டாமல் நானே செலவழித்தேன் என்று அவரே, அவர் கையெழுத்தில், வெளியாள் இரண்டு பேர் முன்னால் எழுதட்டும். எழுத மறுத்தால் விட்டுவிடுங்கள். குடோனில் பூட்டி வைத்து எழுதி வாங்குவது, வெற்றுக் காசோலை பறிப்பது, படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டு அசிங்கப்படுத்துவது எதுவும் வேண்டாம். வழக்கு உங்கள் மேல் திரும்பும், திரும்பியும் இருக்கிறது.

புகாரில் எட்டுப் பக்கம் மனவேதனை எழுதாதீர்கள். வேலையில் சேர்ந்த தேதி, ஒப்படைத்த பொறுப்பு, தேதிவாரியாக எடுத்த தொகை, கண்டுபிடித்த நாள், தாமதமானால் ஏன் என்று ஒரு பத்தி. தாமதத்தை மறைத்தால்தான் சந்தேகம் வரும்.

இனி ஸ்டேஷன். புகாரை வாங்கிக்கொண்டு சிஎஸ்ஆர் ரசீது ஒன்றைக் கிழித்துக் கொடுப்பார்கள். அதை எஃப்ஐஆர் என்று நினைத்துப் பூஜையறையில் வைத்தவர்கள் உண்டு. சிஎஸ்ஆர் என்பது உங்கள் மனு வந்தது என்பதற்கான ரசீது மட்டுமே. வழக்கு இன்னும் பிறக்கவில்லை. தொகை பெரிது, மாவட்டக் குற்றப்பிரிவுக்குப் போங்கள் என்பார்கள். அங்கே போனால் லோக்கல் ஸ்டேஷன் என்பார்கள். வணிகத் தகராறுகளில் பூர்வாங்க விசாரணை செய்யலாம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது உண்மை. ஆனால் அதற்கும் சில வாரக் கெடு உண்டு. மாதக்கணக்கில் மேஜை இழுப்பறையில் போட்டு வைக்க அது அனுமதி அல்ல. வாய்தா வாங்கி அலையாதீர்கள். புகாரின் நகலை எஸ்.பி.க்கு — மாநகரமானால் காவல் ஆணையர் அலுவலகத்துக்கு — ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். இது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4). அப்போதும் அசையவில்லை என்றால், நீதித்துறை நடுவர் முன் 175(3)-ன் கீழ் பிரமாணப் பத்திரத்தோடு மனு. அந்த அஞ்சல் ரசீது இல்லாமல் போனால் மனு நிற்காது. மறுபடியும் சொல்கிறேன், அஞ்சல் ரசீது. நேராக உயர் நீதிமன்றம் ஓட வேண்டாம். இந்தப் படிகளை ஏறிவிட்டு வரச் சொல்லி 2007-லேயே சகிரி வாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எஃப்ஐஆர் பதிவானால் அதன் நகல் இலவசம். 'பேப்பர் வாங்கித் தாருங்கள்' என்றாலும் கொடுக்காதீர்கள். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிப்பது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 193(3)-ன்படி அவர்கள் கடமை. தெரிவிக்கமாட்டார்கள். எழுதிக் கேளுங்கள். கையாடிய பணத்தில் வாங்கிய வண்டி, மனை ஏதாவது தெரிந்தால் அதே சன்ஹிதாவின் 107-வது பிரிவில் முடக்கக் கோருங்கள்.

'வழக்குப் போட்டால் வரவேண்டிய பணமும் வராதே' என்று பயப்படுகிறவர்களுக்கு: நம்பிக்கை மோசடிக் குற்றம் நீதிமன்ற அனுமதியோடு சமரசம் செய்துகொள்ளக்கூடியது. எஃப்ஐஆருக்குப் பிறகும் பேசலாம். சொல்லப்போனால் அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் பேச வருவார்கள்.

காசோலை கையில் இருந்தால் தேதியைப் பாருங்கள். மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். திரும்பினால் மெமோ வந்த 30 நாளில் நோட்டீஸ். அது கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றம். சிவில் வழக்குக்கு மூன்றாண்டு. மோசடி என்றால் தெரிந்த நாளிலிருந்து. ஊழியர் கையாடலுக்கான ஃபிடிலிட்டி பாலிசி எடுத்திருந்தால் காப்பீட்டுக் கம்பெனிக்கு உடனே எழுதுங்கள். வருமான வரியில் இந்த நஷ்டத்தைக் கண்டுபிடித்த ஆண்டில் கழித்துக்கொள்ள 1965-ன் 35-டி சுற்றறிக்கையே இடம் தருகிறது. கேட்கும்போது காட்ட எஃப்ஐஆர் வேண்டும்.

மஞ்சள் பைக்காரரின் மூன்று காசோலைகளில் இரண்டுக்குத் தேதி முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மூன்றாவதுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அன்றைக்கே வங்கிக்கு அனுப்பினோம். புரோநோட் கையாடல் தெரிந்த பிறகு வாங்கியது, அன்று ரொக்கம் ஏதும் கைமாறவில்லை என்று ஒளிக்காமல் எழுதிப் புதுப் புகார் தயாரித்தோம். எஸ்.பி.க்கு அனுப்பிய ரசீதை இந்த முறை நானே நகல் எடுத்து வைத்துக்கொண்டேன்.