வீட்டுக்கு உடையவள்

யாழ்ப்பாண நகரிலிருந்து காரைநகருக்குச் செல்லும் தெருவிலே, மானிப்பாய்க்கும் சங்கானைக்கும் இடையே அமைந்த ஊர் சண்டிலிப்பாய். வலிகாமம் தென்மேற்குப் பிரதேச செயலகம் இவ்வூரிலேயே இருக்கிறது. இப்பகுதியில், குடாநாட்டின் ஏனைய ஊர்களிற் போலவே, புதுமணத் தம்பதிகள் குடியேறும் வீடு பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடாகும். பெண்ணைப் பெற்றவர்கள் ஆண்டுக்கணக்காக உழைத்துச் சேர்த்த பணத்திலே வீடு கட்டி, உறுதியிலே மகளின் பெயரை எழுதுவிக்கிறார்கள். மாப்பிள்ளை அவ்வீட்டுக்கு வந்து சேருகிறவர்.

இவ்வழக்கத்தை மனத்திற் கொண்டு பார்த்தால், நம் சமூகத்திலே நெடுங்காலமாக நடந்துவரும் ஒரு விந்தை புலனாகும். கணவன் கைநீட்டும் இரவிலே, குழந்தையை இடுப்பிலும் உடுப்புப் பையைக் கையிலும் எடுத்துக்கொண்டு வெளியேறுகிறவள் மனைவியே. அடித்தவர் உள்ளே உறங்குகிறார். அவள் தாய்வீட்டு வாசலிலோ அயல்வீட்டுத் திண்ணையிலோ விடியும்வரை இருக்கிறாள். விடிந்ததும் பெரியவர்கள் கூடிச் சமாதானம் பேசி, அவளைத் திரும்ப அழைத்துச் சென்று விடுகிறார்கள். வீட்டுக்கு உடையவள் வெளியிலும், அவளைத் துன்புறுத்தியவர் உள்ளேயும் இருப்பது எவ்வாறு வழமையாயிற்று? அதை மாற்ற என்ன வழி உண்டு?

முதலில் இத்துன்பத்தின் பரப்பை அறிதல் வேண்டும். இலங்கைத் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019 ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் பெண்களிடையே ஓர் ஆய்வு நடத்தியது. மணமானவர்களும் துணையோடு வாழ்ந்தவர்களுமான பெண்களுள் நூற்றுக்கு 20.4 பேர், தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் துணைவரால் உடல்ரீதியான அல்லது பாலியல்ரீதியான வன்முறைக்கு ஆளானவர்கள் என்று அவ்வாய்வு கண்டது. ஐந்து வீடுகளுக்கு ஒரு வீடு என்பது இதன் பொருள். இது யாரோ சில குடிகாரர் வீட்டுச் செய்தி என்று ஒதுக்கிவிட முடியாது. குடியைக் காரணங் காட்டுவோர் ஒன்றைக் கவனித்தல் நன்று. குடித்த நிலையிலும் முதலாளியை அடிக்காதவர், கடன் கொடுத்தவரை அடிக்காதவர், வீட்டுக்கு வந்து மனைவியையே அடிக்கிறார். யாரை அடித்தால் கேள்வி வராது என்பது அவருக்குத் தெரிந்தே இருக்கிறது. குடி அக்கொடுமையைப் பெருக்கலாம். அதற்கு உரிமை கொடுப்பது ஊரின் மௌனமே.

இனி, பெண்ணுக்கு வீடும் காணியும் சொந்தமாயிருந்தும் அவள் வலுவற்றவளாய் நிற்பதற்குக் காரணம் யாது? யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமாகிய தேசவழமை, ஒல்லாந்தர் ஆட்சியிலே, 1707 ஆம் ஆண்டில், கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரியாலே தொகுக்கப்பட்டது. ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டில் அதற்குச் சட்ட வலுவளித்தனர். பின்னர் 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம், மனைவியின் சொத்து அவளுடைய தனிச்சொத்தே என்று கூறியது. கணவன் பட்ட கடனுக்கு அது பொதுவாகப் பொறுப்பாகாது என்றும் கூறியது. அக்காலத்துக்கு இஃது ஓர் உயர்ந்த ஏற்பாடு. எனினும் அதே சட்டம், மனைவி தன் காணியையோ வீட்டையோ விற்கவும் ஈடுவைக்கவும் கணவனுடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்றும் விதித்தது. ஆகவே உறுதி அவள் பெயரில் இருந்தாலும், அதைக் கொண்டு தன் வாழ்வை மாற்றிக்கொள்ளும் ஆற்றல் மற்றொருவர் கையெழுத்திலே தங்கியிருக்கிறது. கணவன் கைவிட்டுச் சென்றாலோ, நியாயமின்றிச் சம்மதம் மறுத்தாலோ, மாவட்ட நீதிமன்றம் அச்சம்மதமின்றியே அனுமதி வழங்கலாம். இவ்வழி இருப்பதை அறிந்த பெண்கள் மிகச் சிலரே.

சொத்து இவ்வாறிருக்க, உயிர்க் காவலுக்குத் தனியாக ஒரு சட்டம் 2005 ஆம் ஆண்டிலே வந்தது. அதுவே 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். அடியுதையோடு, கடுமையான மனத்துன்புறுத்தலையும் அது வன்முறையாகக் கொள்கிறது. தொடர்ந்து இழிவுபடுத்துதல், கொடூரமாக நடத்துதல் ஆகியன இதனுள் அடங்கும். கணவன் மட்டுமன்றி, முன்னாட் கணவன், உடன்வாழ்ந்தவர், தந்தை, சகோதரர், மகன் முதலிய உறவினரின் கொடுமைக்கும் இது பொருந்தும். முதுமையிலே மகனால் துன்புறும் தாயும் இதன் துணையை நாடலாம்.

இச்சட்டம் செயற்படும் முறை எளிது. துன்புற்றவர் தாம் தங்கியிருக்கும் இடத்துக்குரிய நீதவான் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடமும் போதுமானது. எனவே ஊரை விட்டு வேறூரில் அடைக்கலம் புகுந்தவளும் அங்கிருந்தே மனுச் செய்யலாம். அவள் சார்பிலே பொலிஸ் அதிகாரியும் மனுச் செய்யலாம். ஆபத்து உடனடியானதாயின், நீதவான் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை வழங்குவார். பதினான்கு நாட்களுள் விசாரணை நடைபெறும். அதன்பின் பன்னிரண்டு மாதங்களுக்கு மேற்படாத காலத்துக்குப் பாதுகாப்புக் கட்டளை வழங்கப்படலாம். கட்டளையை மீறுவது குற்றம். அதற்கு ஓராண்டுவரை சிறையோ, பத்தாயிரம் ரூபாவரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம். மனுவோடு தொடர்புடையோரின் பெயரைப் பத்திரிகையில் வெளியிடவும் இச்சட்டம் இடங்கொடாது. பெயர் வெளியே வந்துவிடும் என்று அஞ்சுவோர் இதனை அறிதல் வேண்டும்.

இக்கட்டளையின் உட்பொருளே இங்கு முதன்மையானது. இருவரும் வாழ்ந்த வீட்டிலோ அதன் ஒரு பகுதியிலோ துன்புறுத்தியவர் நுழையக் கூடாது என்று நீதவான் தடுக்கலாம். அவள் அவ்வீட்டில் இருப்பதை அவர் தடுக்கக் கூடாது என்றும் ஆணையிடலாம். அவள் வேலைசெய்யுமிடத்துக்குச் செல்லுதல், பின்தொடர்தல், அவளுக்கு உதவுவோரைத் தாக்குதல், அவள் நிர்க்கதியாகும்படி குடியிருக்கும் வீட்டை விற்றல் ஆகியவற்றையும் தடுக்கலாம். தங்குமிடமும் அவசரப் பணவுதவியும் கிடைக்கச் செய்யவும், சமூக சேவையாளரின் துணையை ஏற்படுத்தவும் நீதிமன்றத்துக்கு இடமுண்டு. அதாவது, ஓடவேண்டியவள் அவளே என்ற பழைய வழமையை இச்சட்டம் மாற்றிவிட்டது. வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியவர் யார் என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கலாம்.

இது குடும்பத்தைக் குலைக்கும் சட்டம் என்று கூறுவோர் உண்டு. பாதுகாப்புக் கட்டளை விவாகரத்து அன்று. அது திருமணத்தைத் தொடுவதுமில்லை. அடி நிற்க வேண்டும் என்பதையே அது கூறுகிறது. அடி நின்றபின் சேர்ந்து வாழ்வதா, பிரிவதா என்பதை அச்சமின்றி எண்ணிப் பார்க்கும் அவகாசத்தை அது அவளுக்கு அளிக்கிறது. பிரிந்து வாழ நேர்ந்தால், 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ், தனக்கும் பிள்ளைகளுக்கும் செலவுப்பணம் கோரி அவள் வழக்குத் தொடரலாம்.

இருந்தும் சட்டம் தானாகக் கதவைத் தட்டுவதில்லை. சட்டத்துக்கும் துன்புற்ற பெண்ணுக்கும் இடையே சில மனிதர்கள் நிற்கவேண்டியிருக்கிறது. வீடு வீடாகச் செல்லும் குடும்பநல மருத்துவ மாது, கன்றிய தோளை முதலிற் காண்பவர். கிராம அலுவலர், வீட்டின் நிலைமையை அறிந்தவர். பிரதேச செயலகத்திலே பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும் உளவளத்துணை உத்தியோகத்தரும் பணியாற்றுகிறார்கள். பொலிஸ் நிலையங்களிலே பெண்கள், சிறுவர் பிரிவு இருக்கிறது. அரச மருத்துவமனைகள் பலவற்றில் நட்பு நிலையம் என்னும் பெயரிலே இத்தகைய பெண்களுக்கான உதவிப் பிரிவு இயங்குகிறது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். 1938 என்ற அரச தொலைபேசி இலக்கம் பெண்களின் முறைப்பாடுகளுக்கென்றே ஏற்பட்டது. 1987 ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற ‘தேவை நாடும் மகளிர்’ நிறுவனம் ஆலோசனையும் சட்டத்துணையும் வழங்கி வருகிறது. யாழ்ப்பாணத்துக்கு இத்தொண்டு புதியதன்று. 1980 களிலே பூரணி என்னும் பெண்கள் நிலையம் இங்கே ஆதரவற்ற பெண்களுக்கு நிழல் கொடுத்தது. பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவராயிருந்து, 1989 செப்டெம்பர் 21 ஆம் நாள் கொலையுண்ட ராஜினி திராணகம அதன் பணியிலே பங்குகொண்டவர்.

இவர்கள் யாவரையும்விட முதலில் நிற்பவர்கள் உறவினரும் அயலவருமே. அடிபட்டவள் வாய் திறக்கும்போது, “நீ என்ன செய்தாய்?” என்று கேட்பது அவள் வாயை அடைப்பதாகும். அவள் சொல்வதை நம்பிக் கேட்பதே முதல் உதவி. அடுத்தது, அவள் முடிவை அவளே எடுக்க விடுதல். பிரியப் போவதாகச் சொல்லும் நாட்களிலேயே ஆபத்து மிகுதி என்பது உலகெங்கும் கண்ட உண்மை. ஆகவே அவசரப்படுத்தாமல், ஆயத்தப்படுத்துதல் வேண்டும். அடையாள அட்டை, விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, வங்கிப் புத்தகம், மருந்துத் துண்டு ஆகியவற்றை நம்பிக்கையான ஒருவரிடம் முன்கூட்டியே ஒப்படைத்து வைப்பது நன்று. காயம் சிறிதாயினும் வைத்தியரிடம் காட்டிப் பதிவு செய்வித்தல் பின்னர் சான்றாக உதவும். சமாதானம் பேசுவோர், வேலிச் சண்டையைத் தீர்ப்பதுபோல இதைத் தீர்க்க எண்ணுதல் தவறு. வேலிச் சண்டையில் இரு பக்கமும் ஏறக்குறையச் சமமானவர்கள். இங்கே ஒரு பக்கம் அச்சத்தோடு பேசுகிறது. அச்சத்தோடு கொடுத்த சம்மதம் சமாதானமாகாது.

துன்பம் வருமுன் தடுப்பதே மேலானது. “அடிக்கிற கைதான் அணைக்கும்” என்ற பழமொழியைக் கேட்டு வளரும் ஆண்பிள்ளை, அடிப்பதை அன்பின் ஒரு பகுதியாகவே எண்ணுவான். அதே வீட்டில் வளரும் பெண்பிள்ளை, அடிபடுவதை விதியாக எண்ணுவாள். இவ்விரண்டையும் மாற்றும் இடம் பள்ளிக்கூடமும் சனசமூக நிலையமும் மாதர் சங்கமுமாகும். பத்திரிகை வாசிக்க ஆண்கள் கூடும் சனசமூக நிலையத்திலே, ஆண்டுக்கு இரு முறையேனும் இவ்விடயம் பேசப்பட்டால், ஊரின் மௌனம் சிறிது சிறிதாகக் கலையும். “அது அவர்கள் வீட்டு விவகாரம்” என்று சொல்வதை ஊர்ப் பெரியவர் ஒருவர் நிறுத்தினால், பத்துப் பேர் நிறுத்துவர்.

அரசின் கடமையும் மீதமுண்டு. அதே 2005 ஆம் ஆண்டிலே இந்தியாவிலும் இத்தகைய சட்டம் ஒன்று இயற்றப்பட்டு, 2006 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம் பாதுகாப்பு அதிகாரி என்னும் பதவியை ஏற்படுத்தி, மனு எழுதுவதிலிருந்து தங்குமிடம் தேடுவதுவரை துணைநிற்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தது. வீட்டிலே தனக்கு உறுதி இல்லாவிடினும், அங்கு வாழும் உரிமை மனைவிக்கு உண்டு என்றும் வெளிப்படையாகக் கூறியது. இலங்கைச் சட்டத்திலே அத்தகைய அதிகாரி இல்லை. நல்ல உத்தியோகத்தர் வாய்த்த பிரதேசத்தில் பெண் காக்கப்படுகிறாள், வாய்க்காத பிரதேசத்தில் அலைகிறாள். 2024 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கப் பெண்கள் வலுவூட்டல் சட்டம் தேசிய பெண்கள் ஆணைக்குழுவுக்கு வழிசெய்திருக்கிறது. அதன் பயன் கொழும்போடு நின்றுவிடாமல் வலிகாமத்துக்கும் வரவேண்டும். பாதுகாப்பான தங்குமிடங்கள் வேண்டும். முறைப்பாட்டைத் தமிழிலே பொறுமையோடு எழுதிக்கொள்ளும் பெண் பொலிசார் எந்நேரமும் வேண்டும். காணி விற்கக் கணவன் சம்மதம் வேண்டும் என்ற 1911 ஆம் ஆண்டின் விதி, இக்காலத்துக்கு ஏற்றதுதானா என்பதை யாழ்ப்பாண மக்களே ஆராய்ந்து முடிவுசெய்தல் வேண்டும்.

மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கும் பெற்றோர், உறுதி முடிந்த நாளிலே அதன் பிரதி ஒன்றைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, இவ்வீடு உனது, இங்கிருந்து உன்னை யாரும் துரத்த முடியாது, துரத்தினால் நீதவான் நீதிமன்றம் இருக்கிறது, நாங்களும் இருக்கிறோம் என்று மகளிடமும் மருமகனிடமும் ஒருங்கே சொல்லி வைப்பார்களாயின், அவர்கள் கொடுக்கும் சீதனத்துள் அதுவே பெருஞ் சீதனமாகும்.