மல்லிகார்ச்சுனகிரி முதல் சேமிப்புக் கணக்கு வரை

செகந்திராபாத்தும் மல்காஜ்கிரியும் அடுத்தடுத்த ஊர்கள். ஒன்றில் குடியிருந்து மற்றொன்றில் பணிபுரிவோர் பல்லாயிரவர். நாள்தோறும் உச்சரிக்கும் இவ்விரு பெயர்களும் ஒரு காலத்தில் ஆட்பெயர்களாக வழங்கியவை என்பதை அவர்களுள் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பர்?

செகந்திராபாத்தின் வரலாறு தெளிவானது. ஆங்கிலேயப் படைவீட்டைச் சூழ்ந்து வளர்ந்த அக்குடியிருப்புக்கு 1806ஆம் ஆண்டில் மூன்றாம் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயர் சூட்டப்பட்டது. சிக்கந்தர் என்பது வேறு யாருமல்லர், நாம் பள்ளியில் படித்த அலெக்சாந்தரே. கிரேக்கத்திலிருந்து அரபு நாட்டுக்கு அப்பெயர் சென்றபோது, முதலில் நின்ற ‘அல்’ என்னும் ஒலியைத் தம் மொழியின் சுட்டுச் சொல் என்று கருதி அரபியர் பிரித்துவிட்டனர். எஞ்சியதில் ககரமும் சகரமும் இடம் மாறின, ‘இஸ்கந்தர்’ பிறந்தது. பாரசீகத்தில் அது சிக்கந்தர் ஆயிற்று. மலாய் நாட்டில் இன்றும் இஸ்கந்தர், அங்கேரியில் ஷாந்தோர், ஸ்காட்லாந்தில் அலஸ்டர், உருசிய வீடுகளில் செல்லமாகச் சாஷா. எகிப்தின் துறைமுக நகரும் தக்காணத்தின் இரயில் சந்திப்பும் ஒரே கிரேக்கப் பெயரைச் சுமந்து நிற்கின்றன.

மல்காஜ்கிரியின் பெயரோ நமக்கு இன்னும் நெருங்கியது. மல்லிகார்ச்சுனகிரி என்பதே அதன் பழைய பெயர் என்றும், நிஜாம் ஆட்சிக் காலத்தில் அது மல்காஜ்கிரி எனச் சுருங்கியது என்றும் ஊரார் கூறுவர். உருது எழுத்தில் குறில் உயிர்கள் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. ஏட்டில் உயிர் உதிர்ந்த சொல் நாவில் தேய்வது எளிது என்பது நம் ஊகம்.

மல்லிகார்ச்சுனர், பன்னிரு சோதிலிங்கத் தலங்களுள் ஒன்றான ஸ்ரீசைலத்து இறைவன். தேவாரம் பாடிய மூவரும் திருப்பருப்பதம் என்று போற்றிய மலை அதுவே. அப்பெயர் மனிதர்க்கு இடப்பட்டபோது எத்தனை உருவம் எடுத்தது! தெலுங்கில் மல்லிகார்ஜுன ராவ் என்று ஏட்டில் இருப்பவர் தெருவில் மல்லேஷ், கிராமத்தில் மல்லய்யா, சித்திப்பேட்டை மாவட்டத்துக் கொமுரவெல்லியில் குடிகொண்ட தெய்வமோ மல்லன்னா. கன்னடத்தில் மல்லப்பா. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அக்கமகாதேவி தம் வசனங்களில் ‘சென்னமல்லிகார்ஜுனா’ என்று அழைத்ததும் இவரையே. தார்வாடு தந்த இந்துஸ்தானி இசைமேதை மல்லிகார்ஜுன் மன்சூர் இப்பெயரை வடநாட்டு மேடைகளுக்குக் கொண்டு சென்றார்.

தமிழில் இப்பெயர் அருகி வழங்குகிறது என்று தோன்றலாம். அது பாதி உண்மைதான். ‘அர்ச்சுனம்’ என்பது வடமொழியில் மருத மரத்தின் பெயர். ஸ்ரீசைலம் மல்லிகார்ச்சுனம் எனப்படும், திருவிடைமருதூர் மத்தியார்ச்சுனம், நெல்லைச் சீமையின் திருப்புடைமருதூர் புடார்ச்சுனம். தலைமருது, இடைமருது, கடைமருது என்று இம்மூன்றையும் ஒரு வரிசையில் வைத்தே நம் முன்னோர் எண்ணினர். அவ்வாறாயின் மருதப்பன், மருதமுத்து, மருதையா என்போரெல்லாம் மல்லிகார்ச்சுனருக்கு ஒருவகையில் பங்காளிகளே. மரமும் அவ்வாறே மொழிதோறும் உருமாறியிருக்கிறது: மலையாளத்தில் நீர்மருது, கன்னடத்தில் மத்தி, தெலுங்கில் மத்தி அல்லது தெல்லமத்தி.

இவையெல்லாம் கேட்க இனிமை. வங்கி முகப்பில் நிற்பவர்க்கு இனிமை சற்றுக் குறைவு.

மல்காஜ்கிரியில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். தாத்தா மருதப்பன் இரயில்வேயில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். தமிழ்நாட்டுப் பள்ளிச் சான்றில் அவர் பெயரின் ‘த’வுக்கு ‘டி, எச்’ என இரண்டு ஆங்கில எழுத்துகள். பணிப் பதிவேட்டில் ‘டி’ மட்டும். வங்கியில் படிவம் எழுதியவர் தெலுங்கு வழக்கப்படி இறுதி னகர மெய்யை விட்டு ‘மருதப்பா’ என்று எழுதிவிட்டார். தமிழர் தந்தையின் பெயரைத் தலைப்பெழுத்தாக்கி முன்னே வைப்பர். தெலுங்கரும் முன்னே ஒன்று வைப்பர், ஆனால் அது ‘இன்ட்டி பேரு’ எனப்படும் குடும்பப் பெயர். படிவமோ முதற்பெயர், குடும்பப் பெயர் என்று கேட்கிறது. தலைப்பெழுத்தை விரித்து எழுதினால் மருதப்பனின் தந்தை ஒரு கட்டத்தில் அமர, மருதப்பன் தம் பெயரே குடும்பப் பெயராகி மற்றொன்றுக்குள் போய்விடுகிறார். அவர் இருந்தவரை கிளையில் அனைவரும் அவரை முகத்தால் அறிந்திருந்தனர். அவர் மறைந்த பின்னரே ஏட்டில் இருப்பது மூன்று மனிதர்கள் என்பது குடும்பத்துக்குத் தெரியவருகிறது.

பத்து ஆண்டுகள் இயக்கப்படாத கணக்குகளின் தொகை இந்திய ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி, விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படுகிறது. பணம் போய்விட்டதே என்று அஞ்ச வேண்டியதில்லை. உரியவர் எப்போது கேட்டாலும் தம் வங்கி வழியே பெறலாம். அத்தகைய வைப்புகளைத் தேடுவதற்கென ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் ‘உத்கம்’ என்னும் இணையத் தளத்தைத் தொடங்கியது. 2024 மார்ச்சுக்குள் 30 வங்கிகள் அதில் இணைந்தன. கணக்குடையவர் பெயரும் வங்கியின் பெயரும் அங்கே கட்டாயம். உடன் பான் எண், பிறந்த நாள் போன்றவற்றுள் ஒன்று வேண்டும். தேடுவோர் ஒரே எழுத்துக்கூட்டலோடு நின்றுவிடலாகாது. மருதப்பன், மருதப்பா, ‘எச்’ உள்ளது, ‘எச்’ இல்லாதது, தலைப்பெழுத்து முன்னே, பின்னே என்று மாற்றி மாற்றித் தேடுக. தாத்தாவின் பெயரைத் தெலுங்கரும் உருதுக்காரரும் எவ்வாறு அழைத்தனர் என்று பாட்டியிடம் கேட்டால், கணினி தராத விடை கிடைக்கக்கூடும்.

வாழும்போதே திருத்திக்கொள்வது எளிது. திருமணத்தால் பெயர் மாறியிருப்பின் அரசு வழங்கிய திருமணச் சான்றையும், பிற மாற்றங்களுக்கு அரசிதழ் அறிவிப்பையும் பழைய அடையாளச் சான்றுடன் இணைத்துத் தரலாம் என்று ரிசர்வ் வங்கியின் கேஒய்சி விதிகள் இடமளிக்கின்றன. ஓரெழுத்து வேறுபாடுதான் எனில், இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்னும் உறுதிமொழிப் பத்திரத்தைக் கிளைகள் கேட்பதுண்டு. எது தேவை என்பதைக் கிளை மேலாளரிடம் முன்னரே கேட்டுச் செல்வது ஒரு நடையை மிச்சப்படுத்தும்.

நியமனதாரர் பெயரிலும் இதே கவனம் தேவை. 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்குக்கு நால்வர் வரை நியமிக்கலாம். ஒவ்வொருவருக்கும் இத்தனை விழுக்காடு என்று பிரிக்கலாம், அல்லது ஒருவருக்குப் பின் ஒருவர் என்று வரிசைப்படுத்தலாம். பாதுகாப்புப் பெட்டகத்துக்கு வரிசை முறை மட்டுமே. ‘சின்னப் பாப்பா’ என்று வீட்டில் அழைக்கும் மகளின் பெயரை அவள் அடையாள அட்டையில் உள்ள எழுத்துப்படியே எழுதுக. ஐயமிருப்பின் அட்டையை அருகில் வைத்துக்கொண்டு படிவத்தை நிரப்புக.