கொள்கலன் போகலாம், கணக்குப் புத்தகம் போகலாமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கேமரா முன்னால் பேசுகிறவனுக்கும் டேட்டாபேஸுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு திங்கட்கிழமை காலையில் நான் பட்ட அவதிதான் சம்பந்தம்.

சில ஆண்டுகளுக்கு முன் நேயர் போட்டி ஒன்றை நடத்தினோம். கலந்துகொள்வோர் தங்கள் பெயரைத் தமிழிலேயே இணையத்தில் பதிய வேண்டும். வெள்ளிக்கிழமை தமிழ் எழுத்துகள் சரியாக வரவில்லை. தொழில்நுட்பத் தம்பி ஒருவர் வந்து, பத்தே நிமிடத்தில் ஏதோ ஒரு வரியை மாற்றினார். பெயர்கள் பளிச்சென்று வந்தன. எல்லோரும் தேநீர் குடிக்கப் போய்விட்டோம். திங்கட்கிழமை காலை திரையைத் திறந்தால், பெயர் இருந்த இடத்திலெல்லாம் கேள்விக்குறி! வரிசை வரிசையாகக் கேள்விக்குறி. நேரலைக்கு இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை. வெற்றியாளரின் பெயரை நான் எப்படி வாசிப்பது?

அந்தக் கேள்விக்குறிகள் எங்கிருந்து வந்தன என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

ஜோர்ஜ்டவுன் படகுத்துறையில் நின்று எதிர்க்கரையைப் பாருங்கள். பட்டர்வொர்த் கொள்கலன் முனையத்தின் பெரிய பளுதூக்கிகள் தெரியும். ஒரு காலத்தில் இதே துறைமுகத்தில் நம் முன்னோர்கள் மூட்டை மூட்டையாகத் தோளில் சுமந்து இறக்கினார்கள். 1956 ஏப்ரல் 26-ஆம் தேதி அமெரிக்காவில் 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 இரும்புப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு நூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. அதன்பிறகு உலகத் துறைமுகங்களின் வேலையே மாறிப்போனது. உள்ளே என்ன இருந்தாலும் வெளியே ஒரே அளவுப் பெட்டி. எந்தக் கப்பலிலும் ஏற்றலாம், எந்த லோரியிலும் வைக்கலாம்.

மென்பொருள் உலகம் இந்த யோசனையை அப்படியே எடுத்துக்கொண்டது. 2013-இல் 'டாக்கர்' வந்தது. முதுகில் கொள்கலன்களைச் சுமக்கும் திமிங்கலம்தான் அதன் சின்னம். ஒரு நிரலையும் அது ஓடுவதற்குத் தேவையான துணைக் கோப்புகளையும் ஒரே பெட்டியில் அடைத்துவிட்டால், எந்தக் கணினியிலும் ஓடும். பெட்டிகள் நூற்றுக்கணக்கில் பெருகினால் யார் மேய்ப்பது? அதற்காக 2014-இல் கூகுள் வெளியிட்டது 'குபர்னெட்டிஸ்'. கிரேக்க மொழியில் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். பல கணினிகளை ஒரு கூட்டமாகச் சேர்த்து, எந்தப் பெட்டி எந்தக் கணினியில் ஓட வேண்டும் என்று அது தீர்மானிக்கும். ஒரு கணினி படுத்துவிட்டால், அதில் ஓடிய பெட்டிக்குப் பதிலாக வேறொரு கணினியில் புதுப் பெட்டியைத் திறந்துவிடும். பழைய பெட்டி பழுது பார்க்கப்படுவதில்லை. தூக்கி எறியப்படும்.

இங்கேதான் சிக்கல். இணையப் பக்கத்தைக் காட்டும் நிரலுக்கு இது மிகவும் பொருந்தும். டேட்டாபேஸ், அதாவது தரவுத்தளம், அப்படியா? அதன் வேலையே ஞாபகம் வைத்துக்கொள்வதுதானே!

பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கடையில் ஒரு கணக்கப்பிள்ளை இருக்கிறார். மேசையில் கணக்குப் புத்தகம் இருக்கிறது. "ஒருவருக்கு இவ்வளவுதான் கடன், தமிழில்தான் எழுத வேண்டும்" என்று முதலாளி வைத்த விதிகளும் இருக்கின்றன. கணக்கப்பிள்ளை வேலையை விட்டுப் போனால் புதியவர் வருவார். ஆனால் புத்தகத்தையும் அவர் தம்முடன் எடுத்துச் சென்றுவிட்டால்? முதலாளி விதிகளைச் சுவரில் எழுதி ஒட்டாமல், பழையவர் காதில் மட்டும் சொல்லியிருந்தால்?

எங்கள் தம்பி செய்தது அதைத்தான். ஓடிக்கொண்டிருந்த கொள்கலனுக்குள் நுழைந்து, அமைவுக் கோப்பில் ஒரு வரியை மாற்றி, நிரலை அது படிக்கும்படி செய்தார். கணக்கப்பிள்ளையின் காதில் ஓதினார். ஞாயிறு இரவு கொள்கலன் மாற்றப்பட்டது. புதியவருக்கு அந்த வரி தெரியாது.

அந்த வரிதான் என்ன? நாங்கள் பயன்படுத்தியது மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தின் பழைய பதிப்பு. 2018-இல் 8.0 பதிப்பு வரும்வரை, நாமாகச் சொல்லாவிட்டால் அது 'லத்தீன்-1' என்ற மேற்கத்திய எழுத்து முறையைத்தான் எடுத்துக்கொள்ளும். அதில் தமிழுக்கு இடமே கிடையாது. இடமில்லாத ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறியை வைத்துவிடும். 'யுடிஎஃப்8எம்பி4' என்று எழுதிக் கொடுத்தால்தான் தமிழும் வரும், இளைஞர்கள் அனுப்பும் சிரிக்கும் முகங்களும் வரும். உலகமெங்கும் ஓடும் ஒரு மென்பொருள் இதை இயல்பாக வைத்துக்கொள்ள 2018 வரை காத்திருந்தது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

ஒரு நல்ல காலம், கணக்குப் புத்தகம் தனியாக இருந்தது. குபர்னெட்டிஸில் இதற்கென்று நிலையான சேமிப்பிடம் உண்டு. கொள்கலன் போனாலும் அது போகாது. தரவுத்தளம் போன்றவற்றுக்காக 2016-இல் 'பெட்செட்' என்ற ஏற்பாட்டைக் கொண்டு வந்தார்கள். அதே ஆண்டு அதற்கு 'ஸ்டேட்ஃபுல்செட்' என்று பெயர் மாற்றினார்கள். இதில் ஒவ்வொரு கொள்கலனுக்கும் 0, 1, 2 என்று மாறாத எண் உண்டு. 0-ஆம் எண் விழுந்து மீண்டும் எழுந்தால், அதே பெயரில் எழுந்து, தன் பழைய சேமிப்பிடத்தையே பிடித்துக்கொள்ளும். ஆகவே எங்கள் பழைய பெயர்கள் உள்ளே பத்திரமாக இருந்தன, திரைக்கு வரும்போதுதான் கேள்விக்குறியாயின. அன்று காலை புதிதாகப் பதிந்தவர்களின் பெயர்கள் மட்டும் சிதைந்தே சேமிக்கப்பட்டிருந்தன. அவர்களுக்கு ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்துப் பெயர் கேட்டோம்.

சுவரில் ஒட்டும் அறிவிப்புக்கும் ஓர் இடம் இருக்கிறது. 'கான்ஃபிக்மேப்' என்பார்கள். நம் விதிகளை அதில் எழுதி வைத்தால், புதிதாக வரும் ஒவ்வொரு கொள்கலனுக்குள்ளும் அது ஒரு கோப்பாகப் போய் அமரும். நிரல் எழும்போதே அதைப் படித்துக்கொள்ளும். ஆனால் ஒன்று: அறிவிப்பை மாற்றியதும் ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளம் தானாக மாறிவிடாது. அதை நிறுத்தி மீண்டும் எழுப்ப வேண்டும். "மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லையே" என்று தலையைச் சொறிபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். கடவுச்சொல்லை மட்டும் அந்தச் சுவரில் ஒட்டாதீர்கள். அதற்கு 'சீக்ரெட்' என்று தனி இடம் இருக்கிறது. பெயரைப் பார்த்து ஏமாந்துவிடவும் வேண்டாம், நாமாகப் பூட்டுப் போடாவிட்டால் அதுவும் இரகசியக் குறியீடாக்கப்படாமல்தான் கிடக்கும்.

எழுத்து முறை ஒரு விதிதான். நினைவக அளவு இன்னொன்று. அடிக்கடி தேவைப்படும் தகவலை மைஎஸ்கியூஎல் நினைவகத்திலேயே வைத்துக்கொள்ளும். அதற்கு இயல்பாக ஒதுக்குவது 128 மெகாபைட், சின்ன மேசை. பெரிதாக்கலாம். ஆனால் கொள்கலனுக்கே 2 கிகாபைட்தான் கொடுத்திருக்கிறோம் என்றால், மேசைக்கும் 2 கிகாபைட் கேட்கக் கூடாது. அறை கொள்ளாமல் போகும்போது இயங்குதளம் ஈவிரக்கமில்லாமல் நிரலைக் கொன்றுவிடும். 137 என்ற எண்ணோடு கொள்கலன் செத்துக் கிடந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். ஒரே நேரத்தில் எத்தனை இணைப்புகள் என்பது அடுத்த விதி. இயல்பு எண்ணிக்கை 151. தீபாவளிக்குப் பேருந்து டிக்கெட் திறக்கும் நாளில் இது போதுமா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். கூட்டினால் ஒவ்வோர் இணைப்பும் கொஞ்சம் நினைவகத்தைத் தின்னும். ஆகவே இரண்டு எண்ணையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

கொள்கலன்களை மூன்றாக ஓட விட்டால் பத்திரம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஒன்றில் தவறாக அழித்தால் அந்த அழிப்பும் மற்ற இரண்டுக்கும் நகலாகிப் போகும். 2017 ஜனவரி 31-ஆம் தேதி 'கிட்லேப்' நிறுவனத்தில் ஒரு பொறியியலாளர் தவறான கணினியில் தரவுக் கோப்புகளை அழித்துவிட்டார். பேக்கப் எடுக்கப் பல வழிகள் வைத்திருந்தார்கள். வேண்டிய நேரத்தில் பார்த்தால் முக்கியமானவை வேலையே செய்திருக்கவில்லை. ஏறக்குறைய ஆறு மணி நேரத் தரவு போயிற்று. அதை மறைக்காமல் உலகறிய எழுதினார்களே, அதற்காக அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளைப் போல இரவு பகலாக ஓடும் இடத்துக்கு இந்தக் கூட்டுக் கணினி ஏற்பாடு தேவைப்படலாம். கோயில் நிர்வாகம், தமிழ்ப்பள்ளிப் பழைய மாணவர் சங்கம், இரண்டு கடை வைத்திருக்கும் வணிகர், இவர்களுக்கெல்லாம் ஒரே ஒரு கணினியில் தரவுத்தளத்தை வைத்து, தினமும் பேக்கப் எடுத்தால் போதும். பளுதூக்கி வாங்கி வந்து ஒரு மூட்டை அரிசியை இறக்குவானேன்?

ஆனால் உங்கள் தரவு ஏற்கெனவே கொள்கலனில் இருந்தால், வேலை முடிந்தது என்று சொல்லும் தம்பியிடம் ஒன்று கேளுங்கள்: "என் கண் முன்னால் இந்தக் கொள்கலனை அழித்துக் காட்டு." புதியது எழுந்ததும் ஒரு தமிழ்ப் பெயரைத் தேடச் சொல்லுங்கள். நாங்கள் இப்போது ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் இதைச் செய்கிறோம், வெள்ளிக்கிழமை மாலையில் அல்ல, புதன்கிழமை மதியத்தில்.