302-ஆ, 350-ஆ? ஒரு பழைய கமாரோ இன்ஜினின் அடையாளம்

அமெரிக்காவில் பழைய ஷெவர்லே வி8 இன்ஜின் ஒன்றை விற்பவர், ‘இது இசட்/28 கமாரோவில் இருந்தது’ என்று சொன்னால் விலை சட்டென்று ஏறும். சொல்வது உண்மையா என்று வெளித்தோற்றம் காட்டாது. கார்புரேட்டர், வால்வ் கவர், ஆரஞ்சு பெயின்ட் எல்லாமே பின்னால் மாற்றக்கூடியவை. நம்பிப் படிக்க வேண்டியது வார்ப்பிரும்பு பிளாக்கைத்தான்.

இசட்/28 பந்தயத்துக்காகப் பிறந்த கார். அன்றைய டிரான்ஸ்-ஆம் பந்தய விதிப்படி இன்ஜின் கொள்ளளவு 5 லிட்டரைத் தாண்டக் கூடாது என்றிருந்தது. ஷெவர்லே பொறியாளர்கள் 327 இன்ஜினின் 4 அங்குல சிலிண்டர் விட்டத்தையும் 283 இன்ஜினின் 3 அங்குல ஸ்ட்ரோக்கையும் சேர்த்தார்கள். 302 கன அங்குல இன்ஜின் கிடைத்தது. 1967-இல் 602 இசட்/28 கார்கள்தான் தயாராயின. 1969-இல் அந்த எண்ணிக்கை 20,302.

பிரபலமான 350 இன்ஜினுக்கும் சிலிண்டர் விட்டம் அதே 4 அங்குலம்தான். வெளியே நின்று பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பிளாக்கின் பின்விளிம்பில், ஓட்டுநர் பக்கம், புடைப்பாக நிற்கும் வார்ப்பு எண்ணும் முழுதாகக் கைகொடுக்காது: 3970010 என்ற எண் 1969-இன் 302-இலும் உண்டு, எழுபதுகளின் சாதாரண 350-இலும் உண்டு. அந்த எண்ணை மட்டும் காட்டி யாராவது விலை பேசினால், பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

அடுத்து பார்க்க வேண்டிய இடம் முன்பக்கத்தில், பயணி பக்கத்து சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சிறிய தட்டையான மேடை. கிரீஸைத் துணியால் துடைத்தால் அச்சடித்த எழுத்துகள் தெரியும். ‘வி0305டிஇசட்’ என்றிருந்தால், ஃபிளின்ட் ஆலை, மார்ச் 5, 1969-இன் இசட்/28 என்று பொருள். காரின் அடையாள எண்ணின் ஒரு பகுதியும் இங்கேயோ ஆயில் ஃபில்டருக்கு மேலேயோ அடிக்கப்பட்டிருக்கும். அது காரோடு ஒத்துப்போக வேண்டும். பிளாக்கின் பின்புறத்தில் வார்ப்புத் தேதி தனியாக இருக்கிறது: ‘சி 5 9’ என்றால் மார்ச் 5, 1969. வார்த்த தேதி முதலில், இன்ஜின் பூட்டிய தேதி அடுத்து, கார் வெளிவந்த தேதி கடைசியில். இந்த வரிசை ஓரிடத்தில் தலைகீழானாலும் அது அந்தக் காரின் பிறவி இன்ஜின் இல்லை.

பணம் புழங்கும் இடத்தில் போலியும் வரும். ஆலையில் அந்த மேடையைச் சீவிய இயந்திரம் முன்னிருந்து பின்னாக மெல்லிய இணைகோடுகளை விட்டுச் சென்றிருக்கும். எழுத்துகளுக்கு அடியில் அந்தக் கோடுகள் ஓடினால் நம்பிக்கை வரும். மேடை வழவழவென்றோ, வட்டக் கீறல்களோடோ இருந்தால் பிற்காலத்தில் கடைந்த பிளாக் அது. எழுத்துகளையும் சந்தேகிக்க வேண்டும். ஹெட்டைக் கழற்ற முடிந்தால் பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரத்தையும் அளக்கலாம். 302-இல் 3 அங்குலம், 350-இல் 3.48.

எண்கள் பொருந்திவிட்டால், தேய்மானத்துக்குப் பயந்து இன்ஜினைக் கழித்துக்கட்ட வேண்டியதில்லை. சிலிண்டர் தேய்ந்திருந்தால் 0.030 அங்குலம் ரீபோர் செய்து பெரிய பிஸ்டன் போடுவது பட்டறைகளில் அன்றாட வேலை. ஒரு சிலிண்டர் மட்டும் ஆழமாகக் கீறியிருந்தால் ஸ்லீவ் போடலாம். குளிரில் தண்ணீர் உறைந்து விரிந்து பிளாக்கின் வெளிச்சுவரைப் பிளந்திருந்தாலும் உலோகத் தையல் முறையில் மூட வழி உண்டு. செலவு கூடும், ஆனால் 302-க்கு அது தகும். காந்தச் சோதனையில் பேரிங் தாங்கும் பகுதியில் விரிசல் தெரிந்தால்தான் உண்மையான கவலை. அப்போதும் ஓட்டுவதற்கு வேறு இன்ஜினைப் பூட்டிவிட்டு, மூலப் பிளாக்கை எண்ணெய் தடவி வைத்துக்கொள்வதே சரி. கார் கைமாறும்போது அதுவும் கூடவே போகட்டும்.

எண்கள் எதுவும் பொருந்தாத, எழுபதுகளின் 350 என்றால் இத்தனை பாடு தேவையில்லை. 1971 முதல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்ப்ரஷனைக் குறைத்துவிட்டது; அந்த இன்ஜின்கள் ஏராளம், பாகங்களும் மலிவு. நன்றாக ஓடினால் ஓட்டலாம், விரிசல் விட்டிருந்தால் தயங்காமல் மாற்றலாம்.

302-ஐப் பட்டறைக்கு அனுப்புபவர் மறக்கக் கூடாதது ஒன்று உண்டு. பிளாக்கின் மேல்தளத்தைச் சமப்படுத்தும்போது கடைசல்காரர் வழக்கமாக அந்த முன்மேடையையும் சேர்த்தே சீவிவிடுவார். மேடையைத் தொடக் கூடாது என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அனுப்பும் முன் எழுத்துகளைத் தெளிவாகப் படம் எடுத்து வைக்கவும் வேண்டும்.