வெளிச்சம் பட்டால் அடங்கும் செல்கள்

வெளிச்சம் பட்டதும் கண்ணில் உள்ள செல்கள் கிளர்ந்தெழும் என்றுதான் யாரும் நினைப்போம். மீனின் விழித்திரையில் நடப்பதோ நேர்மாறு. அங்கே இருட்டில்தான் ஓயாத பேச்சு.

ஒளியை முதலில் வாங்குபவை குச்சி செல்களும் கூம்பு செல்களும். இருட்டில் இவற்றுக்குள் சோடியம் அயனிகள் புகுந்தபடியே இருக்கும்; உள்மின்னழுத்தம் சுமார் -40 மில்லிவோல்ட்டில் நிற்கும். அந்த நிலையில் செல்லின் அடிமுனையிலிருந்து குளூட்டமேட் இடைவிடாமல் கசியும். சமையலில் தூவும் அஜினோமோட்டோவில் இருக்கிறதே, அதே குளூட்டமேட்தான். ஒளி பட்டால் சோடியம் நுழையும் வழிகள் மூடிக்கொள்ளும், மின்னழுத்தம் இன்னும் இறங்கும், கசிவு குறையும்.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அடுத்த வரிசையில் இருக்கும் கிடைமட்டச் செல்கள் மீன்களில் பெரியவை. நுண்ணிய கண்ணாடி மின்முனையை உள்ளே செருகலாம். 1950களில் குன்னர் ஸ்வேட்டிஹின் மீன் விழித்திரையில் இப்படி அளந்தபோது, ஒளிக்கு மின்னழுத்தம் கீழே இறங்கியது. கூம்பு செல்லை அளப்பதாகவே முதலில் அவர் எண்ணினார். சாயம் செலுத்திப் பார்த்த பிறகே அவை கிடைமட்டச் செல்கள் என்று தெளிவானது.

1973இல் ஜான் டௌலிங்கும் ஹாரிஸ் ரிப்ஸும் திருக்கைக்கு உறவான ஸ்கேட் மீனை எடுத்துக்கொண்டார்கள். அதன் விழித்திரையில் குச்சி செல்கள் மட்டுமே உண்டு. நரம்பு முனை வேதிப்பொருளை வெளியிடக் கால்சியம் வேண்டும். மக்னீசியம் மிகுந்தால் அது தடைபடும். விழித்திரையில் மக்னீசியத்தைக் கூட்டினார்கள். இருட்டாக இருந்தும், பளிச்சென்ற ஒளி பட்டதைப் போலக் கிடைமட்டச் செல்லின் மின்னழுத்தம் இறங்கிவிட்டது. அப்படியானால் அதுவரை அதைக் கிளர்ச்சியில் வைத்திருந்தது இருட்டில் கசிந்த வேதிப்பொருள்தான். ஒரே ஓர் உப்பைக் கொண்டு இவ்வளவு பெரிய கேள்விக்கு விடை கண்ட இந்தச் சோதனை, நரம்பியலின் அழகான சோதனைகளில் ஒன்று என்பேன்.

அந்த வேதிப்பொருள் குளூட்டமேட்தானா? 1982இல் கெண்டை மீனின் கிடைமட்டச் செல்களைத் தனியே பிரித்து வளர்த்து, அவற்றின்மேல் குளூட்டமேட்டைச் செலுத்தினார்கள். செல்கள் கிளர்ந்தன.

ஆனால் குளூட்டமேட் எல்லாச் செல்லையும் கிளர்த்துவதில்லை. குச்சி, கூம்பு செல்களிடமிருந்து சேதி பெறும் இருமுனைச் செல்களில் ஒரு வகையை அது கிளர்த்தும், இன்னொரு வகையை அடக்கும். ஏற்கும் புரதம் எது என்பதைப் பொறுத்தது அது. அதனால்தான் இருளுக்கும் ஒளிக்கும் தனித்தனிப் பாதைகள் உருவாகின்றன.

விழித்திரையில் வெளியாகும் இன்னொரு வேதிப்பொருளான டோபமைனின் வேலை இன்னும் நுட்பமானது. 1987இல் தெரியவந்தபடி, அது கிடைமட்டச் செல்லில் குளூட்டமேட் எழுப்பும் மின்னோட்டத்தைப் பெருக்குகிறது. அத்தோடு, பக்கத்துப் பக்கத்துக் கிடைமட்டச் செல்களை இணைக்கும் வாயில்களையும் ஒடுக்குகிறது. கண்ணுக்கு வரும் ஒளியின் அளவு மாறும்போது விழித்திரை தன் இணைப்புகளைத் திருத்திக்கொள்ளும் வழிகளில் இதுவும் ஒன்று.