மலைநாட்டில் நாயின் துர்நாற்றம்: காரணமும் பரிகாரமும்

குன்னூர், கோத்தகிரி வட்டாரத்தில் ஓரிரு ஏக்கர் தேயிலையும் கொஞ்சம் காய்கறியும் வைத்திருக்கும் விவசாயிக்கு நாய் அலங்காரத்திற்கு வளர்க்கும் பிராணி அல்ல. உருளைக்கிழங்குப் பாத்தியைத் தோண்டிப் போடும் காட்டுப்பன்றியையும் முள்ளம்பன்றியையும் விரட்டுவது அதன் வேலை. விடியற்காலையில் இலை பறிக்கப் போகும் பாதையில் காட்டெருமை நின்றால் முதலில் குரைத்துச் சொல்வதும் அதுவே. இப்படி உழைக்கும் நாய், மழைக்காலம் வந்துவிட்டால் வீட்டாருக்கு வேண்டாததாகி விடுகிறது. நாற்றம் தாங்காமல் அதை வெளித்திண்ணையிலோ விறகுக் கொட்டகையிலோ கட்டிப் போடுகிறார்கள். கட்டிப் போட்ட நாயைச் சிறுத்தை இரவோடு இரவாகத் தூக்கிச் செல்வது இம்மலையில் புதிய செய்தி அல்ல. நாற்றத்தைப் போக்கி நாயை உள்ளே படுக்க விடுவது, அதன் உயிரைக் காப்பதும் ஆகும்.

நன்றாக இருக்கும் நாய்க்கும் ஒரு வாடை உண்டு. மனிதனைப் போல அதற்கு உடம்பு முழுவதும் வியர்ப்பதில்லை. பாதங்களில் சிறிது வியர்க்கும், அவ்வளவே. ஆனால் அதன் தோலில் எண்ணெய் சுரந்துகொண்டே இருக்கிறது. மயிர் பளபளப்பாக இருப்பதும், சிறு தூறலில் நீர் உள்ளே இறங்காமல் வழிந்து போவதும் இந்த எண்ணெயினால்தான். இதைத் தின்று வாழும் நுண்கிருமிகளும், ஈஸ்ட் என்னும் பூஞ்சணமும் எல்லா நாயின் தோலிலும் இருக்கின்றன. அவை வெளியிடும் பொருள்கள் மயிரில் ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்திருக்கும்வரை வாடை அவ்வளவாகத் தெரியாது. மயிர் நனைந்து, அந்த ஈரம் ஆவியாகும்போது அப்பொருள்களும் காற்றில் கிளம்புகின்றன. நனைந்த நாய் நாறுவதற்குக் காரணம் இதுவே. மழையில் நனைந்தால் அழுக்குப் போய்விடும் என்று நினைப்பது தவறு.

மேட்டுப்பாளையத்தில் நனைந்த நாய் ஒரு மணி நேர வெயிலில் காய்ந்து விடும். ஏறத்தாழ ஆறாயிரம் அடி உயரத்தில் இருக்கும் குன்னூரில் அந்த வசதி இல்லை. இங்கே தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை அதிகம். மழை விட்டாலும் மூடுபனி விடுவதில்லை. தேயிலைச் செடிகளுக்கு ஊடே ஒரு முறை ஓடி வந்தாலே நாயின் வயிறும் தொடைகளும் சொட்டச் சொட்ட நனைந்து விடும். மேல்மயிர் காய்ந்தது போலத் தோன்றினாலும் அடிமயிரில் ஈரம் இருந்துகொண்டே இருக்கும். அந்த ஈரத்தில் பூஞ்சணமும் கிருமியும் பன்மடங்கு பெருகுகின்றன. ஆகவே மலைநாட்டில் முதல் வைத்தியம் குளிப்பாட்டுவது அல்ல, உலர்த்துவதே.

தோட்டத்திலிருந்து நாய் திரும்பியதும் பழைய பருத்தித் துணியால் துடைத்து விட வேண்டும். முதுகை மட்டும் துடைத்து விட்டுவிடக் கூடாது. கால் விரல்களின் இடுக்கு, அக்குள், தொடையிடுக்கு, காது மடலின் அடிப்பக்கம் ஆகியவற்றில்தான் ஈரம் தங்குகிறது. கழுத்துப் பட்டை தோலினால் ஆனதாக இருந்தால் மழை நாட்களில் இரவில் கழற்றி அடுப்பங்கரையில் காயப் போடலாம். நனைந்த பட்டைக்கு அடியில் மயிர் கொட்டிப் புண்ணாகி இருப்பதைப் பல நாய்களிடம் காணலாம்.

அடுத்தது படுக்கை. பல வீடுகளில் நாயைக் குளிப்பாட்டிவிட்டு மறுபடியும் அதே பழைய சாக்கில் படுக்க வைக்கிறார்கள். நாற்றம் பாதி அந்தச் சாக்கில்தான் இருக்கிறது! தரையிலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில் ஒரு பலகை போட்டு, அதன்மேல் சாக்கு விரிப்பது நல்லது. இரண்டு சாக்குகள் வைத்துக்கொண்டு ஒன்றைக் கொதிநீரில் அலசி, அடுப்புக்கு மேலே காயப் போட்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். மாட்டுக் கொட்டிலில் படுக்கும் நாய்க்குக் கோமியமும் சாணமும் ஒட்டாமல் இந்தப் பலகையே காக்கும்.

எப்போது குளிப்பாட்டுவது?

மாதம் ஒரு முறை போதும். வாரந்தோறும் சோப்புப் போட்டால் தோலின் எண்ணெய் போய், தோல் வறண்டு வெடித்து, அரிப்பு ஏற்படும். சொறிந்த இடத்தில் கிருமி புகுந்து முன்னிலும் அதிகமாக நாறும். மூடுபனி இல்லாத நாளாகப் பார்த்து, முற்பகல் பதினொரு மணிக்குமேல் வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்ட வேண்டும். நாய்க்கென்று விற்கும் ஷாம்புவே ஏற்றது. சலவை சோப்பு கூடவே கூடாது. மனிதருக்கான குளியல் சோப்பும் நாயின் தோலுக்குப் பொருந்துவதில்லை. நுரை துளியும் மிஞ்சாமல் அலசி, காதுக்குள் நீர் போகாமல் பார்த்துக்கொண்டு, வெயிலிலேயே நன்றாகத் துவட்டி விட வேண்டும். மாலையில் குளிப்பாட்டி ஈரத்தோடு விடுவதைவிடக் குளிப்பாட்டாமல் இருப்பதே மேல்.

பூசக் கூடாதவை

நீலகிரியில் யூக்கலிப்டஸ் தைலம் எளிதாகக் கிடைக்கிறது. வாசனைக்காக அதை நாயின் உடம்பில் தடவுகிறார்கள். நாய் தன் உடம்பை நக்கும் பிராணி. தடவிய தைலம் எல்லாம் அதன் வயிற்றுக்குள் போய்ச் சேரும். தைலம் உள்ளே போனால் வாந்தி, தள்ளாட்டம், வலிப்பு வரை கொண்டுபோய் விடும். ஃபினாயில், மண்ணெண்ணெய், வண்டியில் வடித்த பழைய என்ஜின் ஆயில் ஆகியவையும் அப்படியே. சொறிக்கு என்ஜின் ஆயில் நல்லது என்று ஊரில் சொல்லக் கேட்கலாம். அது தோலைப் பொசுக்கும், நக்கினால் நஞ்சாகும்.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது, உண்ணியையும் தெள்ளுப்பூச்சியையும் கொல்வதற்காகத் தேயிலைக்கோ முட்டைக்கோசுக்கோ வாங்கி வைத்த பூச்சிமருந்தை நாயின்மேல் தெளிப்பது. தோல் வழியாகவே மருந்து உள்ளே இறங்கி, வாயில் நுரை தள்ளி, நாய் சில மணி நேரத்தில் செத்துப் போகலாம். அதைத் தொட்டு விளையாடும் குழந்தைகளுக்கும் கேடு. மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தையும் கண் அளவில் கலந்து போடக் கூடாது. நாயின் எடைக்குத் தக்க மருந்தைக் கால்நடை மருத்துவரே சொல்ல வேண்டும்.

நாற்றம் எங்கிருந்து வருகிறது?

துடைத்து, உலர்த்தி, படுக்கை மாற்றிய பிறகும் நாற்றம் நிற்கவில்லை என்றால் அது நோயின் அறிகுறி. எந்த இடத்திலிருந்து வருகிறது என்று முகர்ந்து பார்த்தால் பாதி விஷயம் விளங்கி விடும்.

புளித்த மாவு போன்ற வாடையும், தொட்டால் பிசுபிசுப்பும் இருந்தால் தோலில் பூஞ்சணம் மிகுந்துள்ளது என்று கொள்ளலாம். காது தொங்கும் ஜாதிகளுக்குக் காதுக்குள் காற்றுப் போகாது. பழுப்பு நிற அழுக்குச் சேர்ந்து நாறும், நாய் தலையை உதறிக்கொண்டே இருக்கும். குச்சியில் பஞ்சைச் சுற்றி உள்ளே விட்டுக் குடையக் கூடாது. மீன் அழுகியது போன்ற வாடை பின்புறத்திலிருந்து வந்தால், ஆசனவாயின் இருபுறமும் உள்ள இரண்டு சிறு சுரப்பிப் பைகள் அடைத்திருக்கலாம். அப்போது நாய் தரையில் பின்புறத்தைத் தேய்த்து இழுத்துக்கொண்டு போகும். பையைப் பிதுக்கி எடுப்பது மருத்துவருக்கு ஐந்து நிமிட வேலை. விட்டுவிட்டால் சீழ் பிடித்து உடையும்.

பன்றி குத்திய காயம் மயிருக்குள் மறைந்திருந்து புழு வைத்து விடுவதும் உண்டு. அழுகல் வாடையோடு நாய் ஒரே இடத்தை நக்கிக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் மயிரை விலக்கிப் பார்க்க வேண்டும். புழு தெரிந்தால் மருந்துப் பொடி எதையும் தூவாமல் அன்றே கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டு போக வேண்டும்.

வாய் நாற்றம் வேறு கதை. பெரும்பாலும் பல்லில் காரை படிந்து ஈறு சீழ் பிடித்ததாலேயே வரும். வயதான நாய்க்குச் சிறுநீரகம் கெட்டாலும் வாய் நாறும். செத்த ஆடு, கன்று ஈன்ற மாட்டின் நஞ்சுக்கொடி போன்றவற்றைத் தின்று வரும் நாயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நஞ்சுக்கொடியை ஆழமாகப் புதைத்து விட்டால் தொல்லை இல்லை.

ஆனால் வாயைத் திறந்து பார்க்குமுன் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். நல்ல நாய் திடீரென்று எச்சில் ஒழுக்கி, தாடை தொங்கி, விழுங்க முடியாமல் நின்றால், தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று எண்ணிக் கையை உள்ளே விடுகிறார்கள். வெறிநோயின் ஒரு வகை இப்படித்தான் தோன்றும். குரைப்பு மாறும், இருட்டில் ஒதுங்கும். கடிக்க வராததால் யாருக்கும் சந்தேகம் எழாது. கையில் சிறு கீறல் இருந்தாலும் எச்சில் வழியாக நோய் ஏறி விடும். அறிகுறி கண்ட பிறகு இந்நோய்க்கு மருந்து இல்லை.

இந்த நோயின் சரித்திரம் குன்னூருக்கு நெருக்கமானது. 1902-ல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலப் பெண்மணி வெறிநோயால் இறந்தார். அப்போது தென்னாட்டில் இதற்குச் சிகிச்சை கிடையாது. வடக்கே இமயமலையடியில் உள்ள கசௌலிக்குத்தான் போக வேண்டும். அதன்பின் அமெரிக்க வள்ளல் ஹென்றி ஃபிப்ஸ் தந்த நன்கொடையைக் கொண்டு 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டது. ஆட்டு மூளையிலிருந்து செய்து வயிற்றில் பதினான்கு ஊசி போட்ட பழைய மருந்து இப்போது வழக்கில் இல்லை. இன்றைய ஊசிகள் கையில் போடப்படுபவை, எண்ணிக்கையும் குறைவு.

நாய்க்கு மூன்று மாதம் ஆனதும் முதல் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும் ஒன்று போட்டுவிட வேண்டும். நாய் கடித்தாலும், புண்ணில் எச்சில் பட்டாலும் அந்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ வைத்துக் கட்டக் கூடாது. கடித்தது வீட்டு நாயானால் அதை அடித்துக் கொல்லாமல் தனியே கட்டிப் பத்து நாட்கள் கவனித்து வர வேண்டும்.